அடித்த பத்தி

ஜூன் இரண்டாம் வாரம்.
ஹாலிஃபாக்ஸில் மழை, கோடையென்று பெயர்.
சமையல் மேசையில் மடிக்கணினி,
ஆறிப்போன தேநீர்,
திரையில் இன்னும் நூற்றுப் பதினெட்டு விடைத்தாள்கள்.
தாளுக்கு இவ்வளவு பவுண்டு என்று கணக்கு.
நின்று யோசிப்பதற்குக் கூலி கிடையாது.

கேள்வி ஒன்றுதான்:
'1842 வேலைநிறுத்தத்துக்குப் பசியே முதற்காரணம்.
இக்கூற்றை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?'
இருபத்தைந்து மதிப்பெண்.
எல்லோரும் ஓரளவுக்கு ஏற்கிறார்கள்.
பதினெட்டு வயதில்
எதையும் ஓரளவுக்கு மட்டும் ஏற்க
எங்கே கற்றுக்கொண்டார்கள் இவர்கள்?
நாங்கள்தான் கற்றுக்கொடுத்தோம்,
இரண்டு வருடம், வாரத்துக்கு ஐந்து பாடவேளை.

ஒருபக்கம் ரொட்டி விலை,
மறுபக்கம் வாக்குரிமை,
நடுவில் 'எனினும்'.
அந்த எனினும் என்கிற வாசற்படியில் கால் வைத்து
காலையிலிருந்து நாற்பது பேர்
உள்ளே வந்தார்கள், வெளியே போனார்கள்.
ஒருவரும் உட்காரவில்லை.

பிறகு 4172.
பெயர் எனக்குக் காட்டமாட்டார்கள்.
கறுப்பு மை, இடப்பக்கம் சாயும் எழுத்து.
மூன்றாம் பக்கத்தில்
ஒரு பத்தி முழுவதும் அடித்திருந்தது;
மூலைக்கு மூலை ஒரே கோடு,
அளவுகோல் வைத்துப் போட்டது.

அடித்ததைப் படிக்கக் கூடாது. விதி.
(மாற்றாக எதுவும் எழுதாவிட்டால் படிக்கலாம்.
அதற்கும் விதி உண்டு.)
இந்தப் பிள்ளை மாற்றாக எழுதியிருந்தது:
ரொட்டி விலை, வாக்குரிமை, எனினும்.

நான் படித்தேன்.

'ஆதாரம் இரண்டு, கான்ஸ்டபிளின் அறிக்கை.
ஆலைக்குள் புகுந்த ஆண்கள் ஐவருக்கும் பெயர் இருக்கிறது.
கொதிகலனின் அடைப்பானைப் பிடுங்கியது "ஒரு பெண்".
அவள் எறிந்த கல் பட்ட குதிரைக்குக்கூடப்
பெயர் இருக்கிறது, ப்ளூச்சர்.
அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று
பத்து நிமிடமாக யோசிக்கிறேன்.
இது கேள்விக்குத் தேவையில்லை என்று தெரியும்.'

கோடு முடிகிற இடத்தில்
மை கொஞ்சம் தேங்கியிருந்தது.

பத்து நிமிடம்!
நாற்பத்தைந்தில் பத்து.
அதனால்தான் முடிவுரை
'ஆகவே பசி என்பது' என்றதோடு நிற்கிறது,
பேருந்தைத் தவறவிட்டவர் மாதிரி.

அதே அறிக்கையை
இந்த வாரம் மட்டும் இருநூறு முறை பார்த்திருப்பேன்.
குதிரையைக் கவனித்திருக்கிறேன்.
வாட்டர்லூ தளபதியின் பெயரை வைத்திருக்கிறார்களே என்று
சிரித்துக்கூட இருக்கிறேன்.

மதிப்பெண் திட்டத்தைத் திறந்தேன்.
நான்காம் நிலை, ஐந்தாம் நிலை,
'எடைபோடுகிறார்', 'நிறுவுகிறார்',
'தொடர்ச்சியான தீர்ப்பு'.
பெயரைத் தேடிப் போய்த் திரும்பி வராதவருக்கு
ஒரு கட்டமும் இல்லை.

பதினேழு போட்டேன்.
அழித்தேன்.
பதினெட்டு.
மேலே இருப்பவர் கேட்டால் சொல்ல
ஒரு காரணமும் எடுத்துவைத்தேன்:
இரண்டாம் பக்கத்தில் 'ஒருவேளை' என்ற சொல்
சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.
பொய்யில்லை. முழு உண்மையுமில்லை.
ஆதாரம் என்கிற வகையில் என் மதிப்பெண்
ஓரளவுக்கு நம்பத்தக்கது.

மழை விட்டதும்
குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு இழுத்துப் போனேன்.
எதிர்வீட்டு அம்மாள் நாயோடு வந்தார்.
'என்னடா பிஸ்கட்' என்றேன், வழக்கம் போல.
பிஸ்கட் வாலாட்டியது. அவர் சிரித்தார், வழக்கம் போல.
ஆறு வருடம், ஒரே தெரு.
அவர் பெயர்

தொட்டியின் பிடியை விடாமல் நின்றேன்.
இத்தனை நாள் கழித்துக் கேட்டால்
என்ன நினைப்பார்?
கேட்டேன்.

'என் பெயரா?'
அவரே ஒரு கணம் தேடியது போலிருந்தது.
'யூனிஸ்.'
பிறகு ஒவ்வோர் எழுத்தாக நிறுத்திச் சொன்னார்,
நான் ஏதோ படிவம் நிரப்ப வந்தவள் போல.